யோர்க்‌ஷயரில் இருக்கும் மகன்

புனிதவதி பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிப்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் மறுபடியும் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பாடனில் இருந்து வெளிக்கிட்டுவிட்டதாகப் போன் வந்து எவ்வளவு நேரம்? வாசல் இந்தக் கோலத்தில் இருக்க அவர்களை மேலே ஏற்றக்கூடாது. துணியைப் பிழிந்தாள். மறுபடி தேய்த்தாள்.

சூரிச்சுக்கு அருகே அவர்கள் வாழும் இந்த ஓல்டன் ஊர் மண் அவளுக்குத் தெரியும். ஆற்றோரப் பாதையின் சாம்பல் மண்; சப்பாத்தில் ஒட்டினால் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். இது அந்த மண் இல்லை. ஊறின கோப்பித்தூள் போலக் கறுப்பு. நாரும் வேருமாக விரலில் அப்பிக்கொண்டது. துணி மடிப்புக்குள் எதுவோ சிக்க, இழுத்துப் பார்த்தாள். செம்மறியின் அழுக்கு மயிர், ஒரு கற்றை. அதற்குள் அரிசி அளவில் காய்ந்துபோன ஊதாப்பூ.

அந்தப் பூவை அவள் வாழ்நாளில் நேரில் கண்டதில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

சப்பாத்துச் சுவடுகள் கீழிருந்து ஏறி வந்து கால்துடைப்பானில் நின்றிருந்தன. இரண்டு பாதமும் ஒட்டியபடி, பிந்தி வந்த பள்ளிக்கூடப் பிள்ளை வகுப்பு வாசலில் நிற்பதுபோல. நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பிறகு திரும்பி இறங்கிப் போயிருந்தன.

"அம்மா! பட்டுச்சீலையோட என்னம்மா கூத்து இது?" கதவைத் திறந்துகொண்டு அக்‌ஷயா வந்தாள். "அப்பா கண்டால் வீடு ரெண்டாகும். எழும்புங்கோ."

"ஆரோ சேத்துக்காலோட வந்து போயிருக்கினம்."

"வந்தால் வந்திட்டுப் போகட்டும். உள்ள வாங்கோ, பொட்டு அழிஞ்சு போச்சு உங்களுக்கு."

மகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கோபிசனும் அவளும் ஒன்றாகப் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு வருடம் பொறுத்திருந்து இரண்டு வீட்டாரையும் இன்றைக்கு ஒரு மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தடை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கோபிசனின் தாய் பரமேஸ்வரி போனிலேயே உடைத்துச் சொல்லிவிட்டாள்: "மூத்த பொடியனோட ஒருக்கா முகம் பாத்துக் கதைச்சால்தான் எங்களுக்கு நிம்மதி, தங்கச்சி. முந்தி ஒரு சம்பந்தம் பேசேக்க தமையன் கனடாவில எண்டாங்கள். விசாரிச்சால் ஆள் மறியல்ல, ஜெயிலுக்குள்ள. முகம் பாக்காமல் நாள் வைக்கமாட்டம்."

மூத்த பொடியன். அபிசன்.

ஊர் அறிய அபிசன் இங்கிலாந்தில் படிக்கிறான். அது முழுக்க முழுக்கப் புனிதவதியின் கைவேலை. போன வருடம் தை மாதம், உயர்பள்ளிப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறி வந்தவனைத் தகப்பன் வரதராசா உடுத்த உடுப்போடு வெளியே தள்ளினார். "பட்டத்தோட வா, இல்லாட்டி இந்த வாசலை மிதியாதை." நண்பன் ஒருவனிடம் இங்கிலாந்துக்குப் போகப்போறன் என்று முனகிவிட்டுப் போனான் பிள்ளை. அந்த ஒரு முனகலைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு நாட்டையே கட்டினாள்.

லண்டன் என்று சொன்னால் இரண்டே நாளில் பிடிபட்டுவிடும். அங்கே ஹாரோவில் ஒரு தமிழர் தும்மினால் இங்கே சூரிச்சில் விசாரிப்பார்கள். ஆகவே தமிழர் எட்டியும் பாராத இடமாகத் தேடினாள். அவள் சமையலறையில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பின்னேரங்களில் தொலைக்காட்சி ஓடும். அதில் கண்டுபிடித்ததுதான் யோர்க்‌ஷயர். மரமே இல்லாத மேட்டுவெளி, கறுத்த சதுப்பு, சுண்ணாம்பு பூசாத கல்மதில்கள், மழையை முதுகில் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் செம்மறிகள், ஊதாப் புதர்கள். பாலூற்றின தேத்தண்ணி தந்து எல்லாரையும் 'லவ்' என்று கூப்பிடும் வீட்டுக்காரக் கிழவி. மற்றவன் காலை மிதித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கும் சனங்கள். அதையெல்லாம் ஒரு பழைய போனில், மொழிபெயர்ப்புச் செயலியின் தயவில் ஆங்கிலத்தில், அபிசனாக இருந்து தங்கைக்கும் தகப்பனுக்கும் எழுதிவந்தாள். இங்கே ஒருவரும் அழைக்காமல் ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன் என்று ஒருமுறை எழுதினாள். வரதராசா அதைக் கடையில் நின்று நாலு பேருக்கு வாசித்துக் காட்டினார். "பாத்தியளே, வெள்ளைக்காரன்ர ஒழுக்கம்!"

வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனபோது அக்‌ஷயா காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, ஒரு விசயம். அப்பாக்கு இப்ப சொல்லாதேங்கோ. நேற்று நான் அண்ணைக்கு எழுதினன். நீ வராட்டி நான் ஓம் எண்டு சொல்லமாட்டன் எண்டு."

"ஆ… அவனுக்குப் படிப்பெல்லோ பிள்ளை."

"பதில் வந்திட்டுது! வாறாராம். அதுவும் தமிழில எழுதியிருக்கிறார். வழமையா அந்தப் பழங்காலப் பாதிரியார் இங்கிலீசுதானே!" சிரித்தபடி திரையைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

'வாறன். பிந்தினதுக்கு ஸொறி.'

புனிதவதி அதை எழுதவில்லை.

சமையலறைக் கதவைச் சாத்தினாள். அரைக்கும் இயந்திரம் வந்த பழைய பெட்டிக்குள் இருந்து அந்தப் போனை எடுத்தாள். உறைப்பெட்டியில் கிடந்ததுபோல அது குளிர்ந்திருந்தது. போன கிழமையே நிறுத்தி வைத்தது. உயிர்ப்பித்தாள். அவள் பக்கத்திலிருந்து, அவள் எழுதாத அதே சொற்கள், அனுப்பப்பட்டதாக, வாசிக்கப்பட்டதாக நின்றன. போன் கண்ணாடியின் உள்பக்கத்தில் நீர் பூத்திருந்தது.

யன்னலுக்கு வெளியே கார்த்திகை மாதத்து மூடுபனி. இந்தப் பள்ளத்தாக்கில் பனி இறங்கினால் நாட்கணக்கில் எழும்பாது. மத்தியானத்திலேயே வீதி விளக்குகள் மங்கலாக எரிந்தன, எதிரே இருக்கிற கட்டடம் இருந்த இடம் தெரியவில்லை, ரயில்கள் மட்டும் எங்கேயோ பஞ்சுக்குள் ஓடுவதுபோல ஓடின. வறுத்த மிளகாயும் பொரித்த வடையும் மணந்த சமையலறைக்குள் வேறொரு மணம், யன்னல் இடுக்கால் அல்ல, வாசல் பக்கமிருந்து, மெல்ல மெல்ல வந்து தங்கியது. நனைந்த கம்பளி. அவிந்த புல். அதற்கும் அடியில் இன்னொன்று. பச்சையான, குளிரான, பாசி மணம். அதை அவள் மூக்கு அறிந்தது. மனம் அறிய மறுத்தது.

ஒரேயொரு தரம் அபிசன் அவளுக்குப் போன் எடுத்தான். போன வருடம் மாசி மாதம். பின்னால் ரயில் நிலைய அறிவிப்புக் கேட்டது, ஜெர்மன் மொழியில்.

"அம்மா, நான் இங்கதான் நிக்கிறன், ஓல்டன் ஸ்டேசனடியில. சரியான குளிர். வீட்ட வரட்டோ?"

"இப்ப வராதை ராசா. நீ இங்கிலாந்தில படிக்கிறாய் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். உன்ர கொப்பர் கடையில போய் இனிப்புக் குடுத்திட்டார். இப்ப வந்து நிண்டால் நாங்கள் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? கொஞ்ச நாள் பொறு."

"ஓம் அம்மா. ஸொறி அம்மா," என்றான் அவன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் நினைப்பதில்லை. நினைவு அந்த இடத்துக்கு வந்தால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுவாள்.

மணி அடித்தது.

வரதராசா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். மாப்பிள்ளை வீட்டார் இல்லை. மூன்றாம் மாடிக் கிழவி பிரௌ ஹோஃபர், கையில் கடைப்பையோடு. வரதராசா வழக்கம்போல, "புனிதம், உன்ர ஆள்," என்று விலகி உள்ளே போய்விட்டார்.

"கீழே நிற்பது உங்கள் மகன்தானே?" கிழவி ஜெர்மனில் கேட்டாள். "என்ன மரியாதையான பிள்ளை! இருட்டில் அவன் காலை நான் மிதித்துவிட்டேன், அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். அசல் ஆங்கிலேயன்தான். ஆனால் முழுக்க நனைந்திருக்கிறானே? வெளியே மழை இல்லையே?"

"அது என் மகன் இல்லை," என்றாள் புனிதவதி.

எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கவில்லை. நாக்குத் தடுக்கவில்லை. கழுத்தில் இருந்து காது வரை அவளுக்குச் சுட்டது.

கிழவி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேலே ஏறினாள். தானாக அணையும் படிக்கட்டு விளக்கு அணைந்தது. கீழே இருட்டு. அந்த இருட்டுக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம். ஒரு சொட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு சொட்டு.

கதவை அடித்துச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் காலடிகளுமாக மாப்பிள்ளை வீட்டார் ஏறி வந்துவிட்டார்கள். பரமேஸ்வரி வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"சொல்லவேயில்லையே தங்கச்சி! மூத்தவர் வந்து நிக்கிறார்!"

"என்னது?" வரதராசா பாய்ந்து வந்தார்.

"கீழ, கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், அண்ணை. பனியில முகம் வடிவாத் தெரியேல்லை. ஆனால் அந்தப் பணிவு இருக்கே! உள்ள வாரும் தம்பி எண்டு இவர் கையில பிடிச்சு இழுத்தார்."

"ஐஸ்க்கட்டி," என்றார் கணவர் குணசேகரம், தன் கையைத் துடைத்தபடி. "கையுறை போடச் சொல்லுங்கோ."

"அம்மா கூப்பிட்டால்தான் மேல வருவாராம். ஸொறி, ஸொறி எண்டு நூறு தரம். எங்கட இவனும் இருக்கிறானே, ஒரு கதவு திறந்து விடுவானோ?"

"தொடங்கிட்டியளே," என்றான் கோபிசன். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்‌ஷயா துள்ளினாள். "அம்மா, கூப்பிடுங்கோ! பாவம், குளிருக்க."

"கூப்பிடடி," என்றார் வரதராசா. "நான் தள்ளினன். நீ கூப்பிடு."

எல்லார் கண்ணும் அவள் மேல். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். இந்தச் சம்பந்தம் இந்த நிலையிலேயே முறியும், மகள் முகத்தில் இருக்கிற வெளிச்சம் அணையும், ஓல்டன் முதல் பாடன் வரை வாய்க்கு வாய் இதே கதையாக இருக்கும். கூப்பிட்டால்?

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஈரம். வழுவழுப்பு.

"மகன்," என்றாள். சத்தம் வரவில்லை.

"மேல வாரும் தம்பி! அம்மா கூப்பிடுறா!" பின்னாலிருந்து பரமேஸ்வரி.

"ஸொறி," என்றது கீழே இருந்து ஒரு குரல். "அம்மாதான் கூப்பிடவேணும்."

அவன் குரல். அவன் குரலேதான். ஆனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

"அபிசன். வா."

ஒரு படி. ஈரச் சப்பாத்தின் சளக்.

இன்னொரு படி.

விளக்கு அணைந்தது.

யாரோ பொத்தானைத் தேடினார்கள். சுவரில் விரல்கள் உரசின. சளக். சளக். மணம் முன்னால் வந்தது. சதுப்பு. கம்பளி. பாசி. ஆறு.

சளக்.

நின்றது.

விளக்கு எரிந்தது.

கால்துடைப்பானில் நின்றான். இரண்டு பாதமும் ஒட்டியபடி. அவள் எழுத்தில் மட்டும் இருந்த பச்சை மழைச்சட்டை, அவள் வாங்கிக் கொடுக்காத சட்டை, உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமயிரில் ஊதாப்பூ. காது மடலில் ஆற்றுக்களை. முகம் வெளுத்து ஊதி, அழகாக வாரிவிட்டதுபோல் நெற்றியில் படிந்த மயிரோடு, அவளை நோக்கி நிமிர்ந்திருந்தது.

பரமேஸ்வரி கணவரின் கையைப் பிடித்தாள்.

"அண்ணை," என்றாள் அக்‌ஷயா, மெதுவாக. "ஏன் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறாய்?"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. உள்ளே காலெடுத்து வைக்கவுமில்லை. தாய்க்கு நேரே குனிந்தான். வாயோரத்தால் தண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கியது.

"ஸொறி அம்மா. ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. நான் உங்கட பிள்ளையோ?"

இந்தக் கேள்வியை அவளிடம் ஏற்கெனவே ஒருத்தி கேட்டிருக்கிறாள். போன வருடம் பங்குனியில், இதே வாசலில், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம், ஒரு பொலிஸ்காரி படம் ஒன்றை நீட்டினாள். ஆற்றில் இருந்து எடுத்தோம், பெயர் தெரியவில்லை, யாரும் கேட்டு வரவில்லை, இந்த வீதியில் இவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார், உங்கள் மகனா பாருங்கள் என்றாள். கண் மூடிய முகம். வெளுத்து ஊதிய முகம். காது மடலில் களை. புனிதவதி படத்தைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்துக்குப் பிடித்து வடிவாகப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லை," என்றாள். "என் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான்."