சரீனா வீட்டுச் சுவர்க்கடிகாரம்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஸ்காந்துர்ரா பாதி முகம் நுரையோடு சவர நாற்காலியில் சாய்ந்திருந்தபோது சரீனா கடைக்குள் வந்தாள்.

“இன்ஸ்பெக்டர் ஐயா, வாடகைக்கு விட்ட வீட்டுல தங்கச் சங்கிலி காணாமப் போச்சு. சாயந்தரத்துக்குள்ள கிடைக்கலைன்னா போலீசுக்குப் போறேங்குறா அந்த ஹாலந்துக்காரம்மா. எடுத்தது பெருக்க வர்ற நூன்ஸியாதான். சாவி அவகிட்ட மட்டும்தான் இருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“நீங்கதான் காலையிலயே பால்கனியில நின்னு திருடின்னு கத்தித் தெருவையே கூட்டிட்டீங்களே” என்றார் முடிதிருத்தும் மேலோ. துப்புத் துலக்குவது என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதற்குள் கத்தியை மடித்து வைத்துவிட்டார்.

கோடை வந்தால் எங்கள் ஒர்த்தீஜா தீவில் கடல் பார்த்த வீடு எதிலும் சொந்தக்காரர் இருப்பதில்லை. வெளிநாட்டாருக்கு விட்டுவிட்டு உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொள்வார்கள். சரீனாவும் கணவன் யானோவும் ஊருக்கு வெளியே அவளுடைய அண்ணன் பங்களாவில் சொகுசாக இருப்பதாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவளும் சரீனாதான். நூன்ஸியாவுக்கோ அந்தத் தெருவில் பாதி வீடுகளைப் பெருக்கித்தான் பிழைப்பு. சரீனா கத்தியதைக் கேட்டு இரண்டு வீட்டார் சாவியைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். சங்கிலி கிடைக்காவிட்டால் மற்றவர்களும் கேட்பார்கள்.

வீட்டில் ஹாலந்துக்காரி ஆன்கே நடந்ததைச் சொன்னாள்.

“நேத்து மத்தியானம் கடலுக்குப் போனோம். உப்புத்தண்ணி படக்கூடாதுன்னு சங்கிலியைக் கழட்டித் தலையணைகிட்ட வெச்சேன். திரும்பி வந்தா காணோம். கட்டில் புதுசா விரிச்ச மாதிரி இருக்கு. அதுமேல கிடந்த என் வீட்டுக்காரர் தொப்பி, கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது. அங்க ஆணி இருக்குறதே எங்களுக்குத் தெரியாது. மேஜையில ரொட்டியைக் கவுத்து வெச்சிருந்தேன், அதை யாரோ நிமித்தி வெச்சிருக்காங்க. ராத்திரி பூரா தூக்கமே இல்ல. பயம் பாதி, இந்தக் கடிகாரம் பாதி. வந்த நாள்லேர்ந்து ஓடாத கடிகாரம், நேத்து டிக் டிக்னு உயிரை வாங்கிடுச்சு.”

கவிழ்ந்த ரொட்டி வீட்டுக்கு ஆகாது, கட்டிலில் தொப்பி கிடந்தால் சாவு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேலோ துள்ளினார். “அப்ப வந்தது நம்ம ஊர்க் கைதான்!”

“அதைத்தானே நானும் சொல்றேன், நூன்ஸியா!” என்றாள் சரீனா.

ஸ்காந்துர்ரா சுவரைப் பார்த்தார். கடிகாரம் ஒன்பதுக்குச் சற்று முன்பாக நின்றிருந்தது. உள்ளிருந்த சாவியை எடுத்துத் திருகினார்; இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டது. முறுக்கு நிறையவே இருந்தது. ஊசலை விரலால் தட்டியதும் ஓடத் தொடங்கியது.

“மேலோ, நூன்ஸியாவையும் யானோவையும் கூட்டிட்டு வா.”

“அவர் எதுக்கு? அவர் எங்கண்ணன் பங்களாவுலல்ல இருக்காரு” என்றாள் சரீனா.

யானோ படகுத்துறையில்தான் உட்கார்ந்திருந்தார். நிலைப்படியில் குனிந்து நுழைந்த அந்த நெட்டை மனிதர், உள்ளே வந்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. அவர் இடுப்புயரமே சற்றுத் தாண்டிய நூன்ஸியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நான் உள்ள வரமாட்டேன். அப்புறம் இன்னொண்ணும் காணோம்பீங்க.”

“அந்த ஆணி உனக்கு எட்டுமா, நூன்ஸியா?” என்று கேட்டார் ஸ்காந்துர்ரா.

“நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாது ஐயா.”

“வந்தவர் உயரமானவர். கதவுக்குப் பின்னால ஆணி இருக்குறது தெரிஞ்சவர். நின்ன கடிகாரத்தைப் பாத்தா சாவி குடுத்து மணி திருத்தாம இருக்க முடியாதவர். திருட வந்தவன் எங்கேயாவது கடிகாரத்துக்குச் சாவி குடுப்பானா? சாவி நூன்ஸியாகிட்ட மட்டும்தான்னீங்க சரீனா. ஏன், இவர் தன் வீட்டுச் சாவியைக் கடல்ல போட்டுட்டாரா?”

யானோவின் காது மடல்கள் சிவந்தன. “தூங்கத்தான் வந்தேன்” என்றார். “பங்களாவெல்லாம் இல்ல. மச்சான் எங்களுக்குக் குடுத்தது கார் ஷெட். தகரக் கூரை, கொதிக்குது. என் கட்டில்ல கொஞ்ச நேரம் கண்ணசரலாம்னு வந்தேன். ஊரான் விரிச்ச விரிப்புல திருட்டுத்தனமா படுத்தேன். சத்தியமா சங்கிலியைப் பாக்கல.”

“எழுந்ததும் விரிப்பை என்ன பண்ணீங்க?”

“பால்கனியில உதறி, திரும்ப விரிச்சேன். எப்பவும் அப்படித்தானே.”

மேலோ அதற்குள் துடைப்பத்தோடு பால்கனிக்கு ஓடிவிட்டார். கீழே மீன்கடையின் துணிப்பந்தல் தொய்ந்திருந்த இடத்தைக் குத்தினார். மஞ்சளாக ஒன்று மின்னியது. ஆன்கே படியில் இறங்கி ஓடினாள்.

“கிடைச்சிருச்சு, கதை முடிஞ்சுது!” என்றார் மேலோ.

“இன்னும் இருக்கு” என்றார் ஸ்காந்துர்ரா. “ராத்திரி முழுக்க ஓடின கடிகாரம், முறுக்கு நிறைய இருக்கும்போதே ஒன்பதுக்கு முன்னால நின்னுருக்கு. கையால நிறுத்தினாத்தான் அப்படி நிக்கும். அந்நேரம் இந்த வீட்டுல யாரு இருந்தா?”

“அந்த ஹாலந்துக்காரம்மா என்னை வரச் சொல்லிட்டுக் காபி குடிக்கப் போச்சு. நான்தான் இருந்தேன்” என்றாள் சரீனா, சுவரைப் பார்த்தபடி.

“மேலோ, இவங்க பால்கனியில எப்பக் கத்துனாங்க?”

“நான் கடை திறந்த பிறகு. ஒன்பதரை இருக்கும்.” சொல்லி முடித்த பிறகுதான் மேலோவுக்கு விளங்கியது. துடைப்பத்தைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தார்.

“டிக் டிக்னு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு” என்றாள் சரீனா. “இவரைத் தவிர அதுக்கு யாரும் சாவி குடுக்குறதில்ல. வேற யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நிறுத்தினேன். சங்கிலியையும் இவர்தான் எடுத்தார்னு நெனச்சேன். பழியைத் தாங்கிக்க நூன்ஸியா இருந்தா.”

யானோ முதல்முறையாக நிமிர்ந்தார். “என்னைக் காப்பாத்தவா?”

“உங்களை இல்லீங்க. நீங்க மாட்டிக்கிட்டு, ஷெட்டுல படுக்குறோம்னு ஊருக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் மானக்கேடு.”

மனிதர் மனைவியைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். இன்ஸ்பெக்டருக்கே வெட்கமாக இருந்தது. பிறத்தியார் வீட்டுக் கந்தலை நடுக்கூடத்தில் விரித்துவிட்டோமே என்று, பாதிச் சவரம் செய்த முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சரீனா வாசலுக்குப் போனாள். “நூன்ஸியா, என்னை மன்னிச்சுரு.”

“காதுக்குள்ள சொல்லாதீங்கம்மா. திருடின்னது பால்கனியிலேர்ந்துதானே?”

சரீனா பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலையில் தெருவையே கூட்டிய குரல் இப்போது முணுமுணுப்பாகத்தான் வந்தது.

“நூன்ஸியா எடுக்கல” என்றாள்.

“என்ன? கேக்கலையே!” என்றது எதிர்வீட்டு ஜன்னல்.

“நூன்ஸியா எடுக்கல! தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்! அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டுல படுத்துக் கிடக்கோம், அதை மறைக்கத்தான் சொன்னேன்!”

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

நூன்ஸியா கடைசி வார்த்தைவரை கேட்டாள். பிறகு உள்ளே வந்து, வளையத்திலிருந்து ஒரே ஒரு சாவியைக் கழற்றி ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வேற ஆளைப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு, மீதிச் சாவிகளோடு படியிறங்கிப் போனாள். அவள் தெருமுனை தாண்டும்வரை சரீனா உள்ளே திரும்பவில்லை.