சல்லடையில் தங்கியவை

இறப்பதற்கு முந்தைய நாளும் சங்கரலிங்கத்தின் நிழலுரு தொடையைத் தட்டிச் சிரித்தது. ஹெல்சிங்கியில் இருந்த மகள் தமயந்திக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தெரியாதபடி செய்தவளே அவள்தான்.

முன்பெல்லாம் ஆளுக்குப் பதிலாகத் திரையில் தோன்றிப் பேசும் நிழலுருக்கள் மரப்பாச்சிகளாக இருந்தன. தமயந்தி உருவாக்கிய அசைவுச் சல்லடை என்ற மென்பொருள் வந்ததும் அவற்றுக்குக் குணம் வந்தது. அவரவர் தேர்ந்துகொண்ட குணத்துக்குப் பொருந்தும் அசைவுகளை அது எடுப்பாக்கும்; பொருந்தாதவற்றை, குரலின் நடுக்கம் உட்பட, கழித்துவிடும். கூச்சக்காரர்கள்கூடச் சபையில் மிடுக்காக நின்றார்கள்.

கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரான அப்பாவுக்குக் 'கலகலப்பு' என்று அவளே வைத்துக்கொடுத்தாள்.

"இந்த உம்மணாமூஞ்சிய எத்தன நாளைக்குப்பா பாக்குறது?"

அவர் மறுக்கவில்லை. மகள் சொன்னால் எதையும் மறுக்கமாட்டார்.

அப்பாவின் காரியம் முடிந்து தமயந்தி ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பிரமு சொன்னாள்: "ரெண்டு மாசமா நெஞ்சப் புடிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. கேட்டா வாயுங்கிறாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீதான் தெனமும் பாக்கியே, நீயே ஒண்ணும் சொல்லலயேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

ஹெல்சிங்கி திரும்பியதும் தமயந்தி சல்லடை கழித்துப்போட்டவற்றை எடுத்துப் பார்த்தாள். அப்பா அங்கே இருந்தார். இடது மார்பை நீவிக்கொண்டு, நாற்காலிக் கையை இறுகப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. ஒவ்வொரு நாளும் அவள் விடைபெறும் நேரத்தில் முன்னால் குனிந்து, அவள் கன்னத்தைத் தொடுவதுபோல் திரையை நோக்கிக் கையை நீட்டியிருந்தார். கலகலப்புக்குப் பொருந்தாது என்று சல்லடை அதையும் கழித்திருந்தது. தமயந்தி வாய்விட்டு அழுதாள்.

அப்போது அம்மா அழைத்தாள். அம்மாவின் நிழலுரு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அப்பா போனபின் அவளாகவே 'தைரியம்' வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியாட்டி?"

"சாப்பிட்டேன். யம்மா, சல்லடைய நிறுத்திட்டுப் பேசேன். ஒன்னப் பாக்கணும்."

"மொதல்ல நீ நிறுத்து."

தமயந்தியின் விரல் பொத்தான்வரை போனது. அழுது வீங்கிய இந்த முகத்தைப் பார்த்தால், அந்த வீட்டில் தனியாக இருப்பவள் என்ன ஆவாள்? விரலை எடுத்துக்கொண்டாள்.

"இங்க ஏதோ கோளாறும்மா. நாளைக்குப் பாப்போம்."

"இங்கயும் அப்படித்தான் இருக்கு," என்றாள் அம்மா, தெளிவான குரலில்.

இரண்டு நிழலுருக்களும் எதிரெதிரே அமைதியாக உட்கார்ந்திருந்தன. அம்மா அழுகிறாளா என்பது தமயந்திக்குத் தெரியவில்லை.