ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது

கூடத்துக்கு ஒரு பல்பு வாங்கத்தான் அவள் கைபேசியைத் திறந்தாள். கடையின் முதல் பக்கத்தில் வந்து நின்றது நகவெட்டி. தடித்த நகங்களுக்கானது. 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தோம்' என்றது. யாருடைய நகத்தை வெட்ட? வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்த வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, கட்டில், விரிப்பு, அழைப்பு மணி என்று எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து, பின்னறையைக் கழுவியும் விட்டாயிற்று.

வேண்டாம் என்று தொட்டாள். ஏன் என்று கேட்டது. விலை அதிகமா, தரம் பிடிக்கவில்லையா, ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? ஆள் இல்லை என்று சொல்ல அதில் இடமில்லை. விலை என்றால் மலிவாக இருபது காட்டும். தரம் என்றால் உசத்தியாக இருபது. பல்புக்கே வெள்ளையா மஞ்சளா, திருகுவதா மாட்டுவதா என்று பார்த்து மண்டை காய்ந்திருந்தது. தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"மூணாவதை அமுக்குக்கா, வாயை மூடிக்கும். எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பட்டன் இல்லையேன்னுதான் என் கவலை."

"பொய்யில்லையாடி அது?"

"மெஷின்கிட்ட என்னக்கா சத்தியம்? அமுக்கிட்டுப் போய்த் தூங்கு. எத்தனை வருஷத் தூக்கம் பாக்கி உனக்கு!"

அமுக்கினாள். நகவெட்டி போய்விட்டது. 'இதோடு சேர்த்து வாங்குபவை' என்று அடுத்தது வந்தது. படுக்கைப் புண் களிம்பு. இருக்கிறது. ரப்பர் விரிப்பு. இருக்கிறது. கம்பி வைத்த இரும்புக் கட்டில். இருக்கிறது. ஒவ்வொன்றாய்க் குறையக் குறையத் தோள் இறங்கியது, கண் சொக்கியது. இன்றைக்காவது விடியும்வரை தூங்கிவிடலாம்.

சாயங்கால வெளிச்சம் சுவரைவிட்டுக் கீழே வழிந்துகொண்டிருந்தபோது, பினாயில் ஊற்றிக் கழுவிய பின்னறைப் பக்கமிருந்து அந்தக் களிம்பின் வாடையும், அதற்கடியில் உடம்புச் சூடேறிய ரப்பரின் வாடையும், திறந்த ஜன்னலின் காற்றை எதிர்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் கூடத்துக்கு வந்தன. பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பின்னறையில் கட்டில் முனகியது. யாரோ புரளப் பார்த்து, முடியாமல், பாதியில் விட்டதுபோல.

திரையில் இன்னும் ஒன்றே ஒன்று. அழைப்பு மணி. படுத்திருப்பவர் உங்களைக் கூப்பிட.

வேண்டாம் என்று தொட்டாள். இந்த முறை அது காரணம் கேட்கவில்லை.

'தெரியும். இருக்கிறது.'

மணி அடித்தது. பின்னறையில். நீளமாக.

"இதோ வரேங்க."

வாய் சொல்லிவிட்டது. கால் எழுந்துவிட்டது. பழக்கம். நிற்கச் சொன்னாள். நிற்கவில்லை.

கதவு திறந்திருந்தது. கட்டில். விரிப்பு. தலையோடு காலாக மூடிய போர்வை. அதற்கு வெளியே ஒரு கை. கட்டைவிரல் மணியை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. மற்ற விரல்களில், கடைசி நாளன்று அவளே வெட்டிவிட்ட நகங்கள் வளர்ந்து, வளைந்து, உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன.

கட்டிலின் விளிம்பில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், வாயைத் திறந்தபடி நகவெட்டி.