கீழ்த்தளத்துப் புகை

இழுப்பறைக்குள் கையை விட்டபோது புகைபிடிக்கும் சுங்கான் சூடாக இருந்தது.

பல் டாக்டர் சட்டென்று கையை வெளியே எடுத்துவிட்டார். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி தொட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாத்திரத்தின் சூடு. யாரோ இப்போதுதான் புகைத்துவிட்டு வைத்ததுபோல் கிண்ணத்தின் அடியில் புகையிலைச் சாம்பல் கதகதவென்று கிடந்தது. அவரோ இப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்து, மனைவியின் மூச்சு சீராக வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டு, செருப்பில்லாமல் படியிறங்கி வந்திருந்தார்.

மேலே வீடு, கீழே கிளினிக். பகலில் ஊர்ப் பற்களெல்லாம் வந்து வாய் திறக்கும் அந்த அறை, இரவில் கிராம்புத் தைலமும் ஸ்பிரிட்டும் கலந்த நெடியோடு வேறு யாருக்கோ சொந்தமானதுபோல் இருக்கும்; எச்சில் உறிஞ்சும் குழாய் தன்பாட்டுக்குச் சொட்டும்; அலமாரியில் வரிசையாக வைத்திருக்கும் பிளாஸ்டர் தாடைகள் தெருவிளக்கின் வெளிச்சத்தில் எதையோ மெல்வதை அப்போதுதான் நிறுத்தியவைபோல் பாதி திறந்திருக்கும். சுவரில் கறை பிடித்த பற்களின் பெரிய படம், புகைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு. அந்தப் படத்துக்கு முதுகு காட்டித்தான் அவர் தினமும் உட்காருவார், நோயாளிகளின் நாற்காலியில்.

மகள் பிறந்த அன்று விட்ட பழக்கம் அது. "இனிமே அந்தக் கருமம் வேண்டாங்க" என்று மனைவி குழந்தையைக் கையில் கொடுத்தபோது சரியென்றார், சொன்னபடி நடக்கவும் செய்தார். போன மழைக்காலத்தில் தூக்கம் விட்டுப்போனது. ஒரே ஒரு நாள், தூக்கம் வரட்டும் என்று பழைய சுங்கானைத் தேடியெடுத்தார். முதல் இழுப்பில் உடம்பு தளர்ந்தது. அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டார். படித்தவர், தெரியாததல்ல. நிகோடின் தாலாட்டுப் பாடாது, நெஞ்சைத் தட்டி எழுப்பும். தெரிந்தும் மறுநாள் இறங்கினார். அதற்கு மறுநாளும்.

சூட்டைப் பற்றி யோசித்தபடியே புகையிலையை அடைத்தார். மறதியாக இருக்கும், முன்னிரவில் ஒருமுறை வந்துபோயிருப்பேன். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டு, புகை வெளியேற விசிறியைப் போட்டுவிட்டு, தீக்குச்சியைக் கிழித்தார்.

காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி பாதியில் நிறுத்தி, கூந்தலை முகர்ந்தாள்.

"என்னங்க, பாப்பா தலையில என்ன வாசனை இது?"

"எண்ணெயா இருக்கும்."

"எண்ணெயாவது ஒண்ணாவது. புகையிலை வாசனை. கிளாஸ்லயே தூங்கி விழறான்னு டீச்சர் வேற சொல்றாங்க. ராத்திரி தூங்குறியா இல்லையாடி?"

மகள் கொட்டாவி விட்டாள். கண்ணுக்குக் கீழே, ஏழு வயதில், மை தடவியதுபோல் கருவளையம். "தூக்கம் வரமாட்டேங்குதும்மா" என்றாள்.

மனைவி சீப்பைப் போட்டுவிட்டு நேராகக் கீழே போனாள். அவர் பின்னாலேயே ஓடினார். கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளரை ஊரே பஞ்சு என்றுதான் கூப்பிடும். எந்த நேரமும் கையில் பஞ்சோடு நிற்கும் மனிதர். பீடியைக்கூடத் தொட்டறியாதவர்.

"இங்க உக்காந்து பிடிக்கிறது நீங்கதானா? புகை மாடி வரைக்கும் வருது. சின்னப் பொண்ணு இருக்கிற வீடு, கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?"

பஞ்சு அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஒரு கையுறையை எடுத்து, விரல் விரலாக, ரொம்ப அக்கறையாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"தப்புதான்மா. இனிமே இங்க பிடிக்கமாட்டேன்" என்றார் பஞ்சு.

அவள் போனபிறகு பஞ்சு தட்டை நீட்டினார், டாக்டர் வாங்கிக்கொண்டார். முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த மனிதரோ வழக்கம்போல் தண்ணீர் டம்ளரை நிரப்பி வைத்தார்.

அன்று வந்த லாரி டிரைவர் ஒருவரின் புகைக்கறை படிந்த வாயைப் பார்த்ததுமே டாக்டர் கேட்டார்: "ராத்திரியில முழிப்பு வருமே?"

"ஆமா சார். பாதி ராத்திரியில யாரோ உலுக்கி எழுப்புற மாதிரி. கனவெல்லாம் பயங்கரமா வருது."

"தூங்கத் தூங்க ரத்தத்துல நிகோடின் குறையுது. உடம்பு கேக்குது, அதான் எழுப்புது. திரும்பப் பிடிச்சா படபடப்பு, மறுபடி தூக்கம் போச்சு."

"எப்படி சார் கூட இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க!"

"எல்லாம் படிச்சதுதான்" என்றார் டாக்டர். முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

மாலையில் பஞ்சு கிளம்பியதும் சுங்கானை எடுத்துப் பெரிய விளக்கின் கீழ் பிடித்தார். அறைக்குள் வேறு யாராவது வந்துபோகிறார்களா என்று காலையிலிருந்தே மனம் அரித்துக்கொண்டிருந்தது. வாயில் வைக்கும் கறுப்பு முனையில் பல் பதிந்த தடங்கள். பின்பக்கம் அழுந்தியவை அவருடையவை. இடது கடைவாயில் கடிக்கும் பழக்கம். நுனியில் வேறு சில. புதியவை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

சிறியவை. மிகச் சிறியவை. பால்பற்கள். நடுவில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி.

அந்தப் பல்லைப் பிடுங்கியது அவர்தான். போன வாரம், இதே நாற்காலியில், மகள் அழாமல் இருந்ததற்கு ஒரு பலூன் கொடுத்தார்.

பார்த்திருக்கிறாள். படியில் நின்று, இருட்டில், அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறாள். மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று மாடியேறினார். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "அந்தாளை நம்பி வீட்டையே விட்டிருக்கோம் பாருங்க" என்றாள். "ம்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

திரும்பி இறங்கி, பல் செதுக்கும் இயந்திரத்தின் அடிப்பலகையில் வைத்துச் சுங்கானைச் சுத்தியலால் அடித்தார். இரண்டாய், நாலாய், தூளாய். புகையிலையையும் சேர்த்து, கழிவுப்பெட்டியில் போட்டு மூடி, கழிவு வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். கிளினிக்கைப் பூட்டினார். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? எங்கே கற்றாய் என்றா?

படுத்ததும் தூக்கம் வந்தது, ஆனால் அது தூக்கமாக இல்லை; கண்ணாடித் துண்டுகள்போல் விளிம்பு கூர்ந்த கனவுகள், ஒவ்வொன்றிலும் யாரோ வாயைத் திறந்து காட்டினார்கள், ஒவ்வொரு வாய்க்குள்ளும் கறுப்பாக ஒரு படிக்கட்டு இறங்கிப் போயிற்று. விழித்தபோது பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது, நாக்கு வறண்டிருந்தது, விரல்கள் தாமாகவே ஒரு கிண்ணத்தைப் பிடிப்பதுபோல் வளைந்திருந்தன. உடம்பு கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

கீழே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கிக் கேட்டார். விசிறிதான். பிறகு நாற்காலியின் மோட்டார், முனகிக்கொண்டே மெல்லச் சாய்ந்து, நின்றது.

தலையணைக்கு அடியில் துழாவினார். சாவி இருந்தது.

எழுந்தார். படிப்பக்கம் போகத்தான் நினைத்தார். கால் போகவில்லை. மகளின் அறைக்குத் திரும்பினார். கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

கட்டிலில்தான் இருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மல்லாந்து. அப்பாடா என்று வாசல்நிலையில் சாய்ந்தார். குழந்தை கட்டிலில் இருக்கிறாள். கீழே யாராக இருந்தால் என்ன. இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் நெடி வந்தது. இனிப்பான, ஈரமான, அவருக்கு நன்றாகத் தெரிந்த நெடி.

கிட்டே போனார்.

அவள் மூச்சை இழுத்தாள். நீளமாக. கன்னம் இரண்டும் குழிந்தன. இருட்டில் உதடுகளுக்கு நடுவே, தொண்டையின் ஆழத்தில், ஏதோ சிவந்தது. ஊதிய கங்குபோல். மூச்சை விட்டாள். சிவப்பு மங்கியது. மெல்லிய வெள்ளைப் புகை எழுந்து, கொசுவலையின் உட்புறத்தில் முட்டி, பரவி நின்றது.

கீழே விசிறி நின்றது.

மகளின் கண்கள் திறந்திருந்தன. எவ்வளவு நேரமாகவோ.

"அப்பா" என்றாள். சொல்லோடு புகையும் வந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா."

பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"யாருங்க அங்க?" மனைவியின் குரல், தூக்கம் கலைந்து. "என்ன வாசனை அது?"

செருப்பைத் தேடும் கால்களின் சத்தம். அவர் வலையை விலக்கிக் கட்டிலில் உட்கார்ந்தார். கூப்பிட வேண்டும். விளக்கைப் போட வேண்டும். கத்த வேண்டும்.

மகளின் வாயைக் கையால் பொத்தினார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "பாப்பா ஏதோ கனவு கண்டிருக்கா. நீ தூங்கு."

சத்தம் நின்றது. தயங்கியது. கட்டில் மறுபடி கிரீச்சிட்டது.

கைக்குள்ளே அவள் நீளமாக இழுத்தாள். விரல்களின் சதைக்குள்ளே சிவப்பு ஏறியது, நகக்கண்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன, எலும்புகள் தெரிந்தன. தோல் பொசுங்கத் தொடங்கியது. அவர் கையை எடுக்கவில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டு, அந்தச் சின்ன மூக்கின் இரண்டு துவாரங்களாலும் மெதுவாக, நிதானமாக, புகையை விட்டாள்.