அரக்க முகத்தின் கண்ணோரம்

காலை 8.10. அலுமாரியைத் திறந்த சிற்றம்பலம் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவுக்காரர் ஓடி வந்தார்கள்.

கப்பலில் எஞ்சினியராக இருந்தபோது ஹொங்கொங்கில் அவர் வாங்கிய பாத்திரம். சீன அரசர்கள் மூவாயிரம் ஆண்டுக்கு முன் முன்னோருக்குப் படையல் வைத்த வெண்கலம். மூன்று கால், வயிற்றில் முட்டைக்கண் அரக்க முகம், உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. இப்போது அலுமாரியில் இருந்ததோ பளபளக்கும் மஞ்சள் பாத்திரம். பதினொரு மணிக்கு அதை விலை மதிக்கக் கொழும்பிலிருந்து நிபுணர் வருகிறார்.

"ஆரோ மாத்திப்போட்டினம்," என்றார்.

8.50. சப்-இன்ஸ்பெக்டர் சிவரூபி முரசுமோட்டை வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"கடைசியா எப்ப பாத்தீங்கள்?"

"முந்தநாள். நேற்று முழுக்க வவுனியாவில நிண்டனான்."

"வீட்டில ஆர் இருந்தது?"

"மனிசியும் வேலைக்காரி ராக்காயியும். அவளை ஜீப்பில ஏத்துங்கோ."

"அவளாத்தான் இருக்கும்," என்றார் மனைவி ஜெகதீஸ்வரி, நிலத்தைப் பார்த்தபடி.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து ராக்காயி குசினி வாசலில் திகைத்து நின்றாள்.

"பாத்திரத்தைத் தொட்டனீங்களோ?"

"இல்லீங்க. பித்தளை, வெண்கலம், சாமியறைச் சாமான் எதையும் நான் தொடக்கூடாதுங்க."

சிவரூபி சாமியறையை எட்டிப் பார்த்தார். சரஸ்வதி பூசைக்குக் குத்துவிளக்கு மினுங்கியது. பிறகு பாத்திரத்தை யன்னலோரம் கொண்டுபோய், நிபுணருக்கு அனுப்பிய படத்தோடு வைத்துப் பார்த்தார்.

9.20. "ஒருத்தரும் மாத்தேல்லை ஐயா. படத்தில உடைஞ்சிருக்கிற கால் இதிலயும் உடைஞ்சிருக்கு. அரக்கன்ர கண்ணோரம் பாருங்கோ. விரல் போகாத பள்ளத்தில பச்சை இன்னும் கிடக்கு. புளி போட்டுத் தேய்ச்சிருக்கினம்."

சிற்றம்பலம் கதிரையில் விழுந்தார். பாத்திரத்தின் பழமைக்கும் விலைக்கும் சான்றாக இருந்த மூவாயிரம் வருடக் களிம்பு ஒரே நாளில் போய்விட்டது.

"இவளோ?" என்று ராக்காயியைக் காட்டினார்.

"வெண்கலத்தில கைவைக்க அவாவை இந்த வீட்டில விடுறேல்லை. அந்தக் குத்துவிளக்கை மினுக்கினது ஆர்?"

எல்லோரும் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார்கள்.

"படையல் பாத்திரம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பூசை நாளில களிம்போட வைக்கலாமோ? நீங்கள் களவு எண்டு கத்தினோடன பயந்துபோனன்."

"மினுக்கினது குற்றமில்லை அம்மா. தெரிஞ்சுகொண்டு இவாவில பழியைப் போட்டீங்கள் பாருங்கோ, அதுதான் குற்றம்," என்றார் சிவரூபி.

ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ராக்காயி, வந்தவைக்குத் தேத்தண்ணி போடு."

"நீங்களே போடுங்கம்மா," என்ற ராக்காயி செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள்.