வானம்பாடி இருட்டில் பாடாது

வெளிச்சம் போன பிறகும் அந்த வானம்பாடி பாடிக்கொண்டிருந்தது.

தகரக் கொட்டகைக்குள் ஓவர்சியர் தேவராஜன் பேனாவை மூடாமல் கேட்டான். நீண்டு, மெலிந்து, கீழே சரியும் ஒரு விசில். சற்று இடைவெளி. மறுபடியும். வெளியே, கும்மிடிப்பூண்டியில் வரப்போகும் தொழிற்பேட்டைக்காகக் கல் நட்டிருந்த புல்வெளி ரயில்பாதை வரை கறுத்துக் கிடந்தது. காய்ந்த புல்லின் வாசனைக்கு அடியில், மண் பரிசோதனைக் குழிகளின் ஈரவாடை மெல்ல ஊறி வந்தது.

மாலையில் இதே விசிலைக் கேட்டு, லாரியில் ஏறவிருந்த ஆட்களை நிறுத்தி, அது வானம்பாடி என்று விளக்கியவன் அவன்தான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும் அது. படபடவென்று சிறகடித்து உயரே ஏறும், உச்சியில் சிறகை மடக்கிக் கல்லைப்போல விழும், விழும்போதுதான் விசில். தரைக்குச் சற்று மேலே சிறகை விரித்து மறுபடி ஏறும்.

"நெசமாவா சார்? கயித்த எறக்கச் சொல்லி நம்ம குப்புராஜுதான் விசிலடிக்கிறான்னு நெனச்சேன்," என்றான் மேஸ்திரி சடையப்பன். குப்புராஜ் அன்று கடைசிக் குழியில் தனியாக வேலை செய்தவன்.

"அவன் அப்பவே ரயிலுக்குப் போயிருப்பான்யா. எனக்குக் காது போதும், கண்ணே வேணாம்."

"சார் காதுக்குள்ள ஒரு பொஸ்தகமே கீது!"

சிரித்துக்கொண்டே லாரி கிளம்பியது. தேவராஜனும் சிரித்தான். வானத்தை அவன் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

வாசலில் நிழல் அசைந்தது. குப்புராஜின் மனைவி குப்பம்மாள்.

"சாமி, எங்க ஊட்டுக்காரரு இன்னும் வர்ல. ரயிலு வந்து போய்ட்ச்சி. இங்க கீறாரா?"

"இல்லையேம்மா."

விசில் கேட்டது. அவள் தலையைத் திருப்பினாள்.

"அது இன்னா சத்தம்?"

ஏறுவதையும் விழுவதையும் பெட்டைக்குக் காட்டத்தான் அது பாடும். இருட்டில் பாடாது. அவனுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். மேஸ்திரியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. காது மடல்கள் சுட்டன.

"குருவிம்மா," என்றான்.

அவள் நம்பித் திரும்பி நடந்தாள். அந்த நம்பிக்கையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, எதிர்த்திசையில், புல்வெளிக்குள் இறங்கினான். ஏன் என்று கேட்காமல் அவளும் பின்னால் வந்தாள்.

பறவை என்றால் சத்தம் உயரத்தில் தொடங்கிக் கீழே வரவேண்டும். இது வரவில்லை. ஒரே இடம். தரைக்கும் கீழே. நடக்க நடக்க விசில் பெரிதானது. ஈரவாடை. விளக்குத் திரி நடுங்கியது.

கடைசிக் குழி.

ஒரு பக்கம் முழுக்கச் சரிந்திருந்தது. அடியில் ஒரு முகம் மட்டும். மேலே பார்த்தபடி. திறந்த கண்களில் மண். திறந்த வாயில் மண், விளிம்பு வரை.

குப்பம்மாள் சரிவில் வழுக்கி இறங்கினாள். கன்னத்தைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"வெறைச்சிப் போய்க் கீறாரு சாமி."

விசில் கேட்டது. மிக அருகில். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, அவனை.

"இது இன்னா குருவி சாமி?"

மண் அடைத்த வாயிலிருந்து அது மறுபடி எழுந்து, நீண்டு, மெலிந்து, சரிந்தது. உதட்டோரத்து எறும்புகள் வரிசை கலையாமல் ஊர்ந்துகொண்டிருந்தன.