நம்பர் ஒன் இடம் காலி!

"வீ...ல்...!"

மைதானத்து மரங்களில் இருந்த காக்கைகள் மொத்தமாய் எழுந்து பறந்தன.

கத்தியது ஒரு பெண். கத்திய இடம், கூரையில் 'எல்' போர்டு மாட்டிய ஒரு வெள்ளைக் கார்.

ஓட்டுநர் சீட்டில் அவள். அவள் தோளில் சாய்ந்தபடி டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

தூங்கவில்லை.

செத்திருந்தார்!

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பெண் இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கினாள். காரைப் பார்த்தாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக் கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

ஒரு நொடி தொப்பியும் பெல்ட்டும் மறந்து போயின.

"நீயாடி...?"

"அக்கா...!"

கூடப் பிறந்த தங்கை. பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்பவள்.

"அழாமச் சொல்லு. என்ன ஆச்சு?"

"கிளாஸுக்கு வந்தேன்கா... கார்ல ஏறி 'குட்மார்னிங் மாஸ்டர்'னேன். கறுப்புக் கண்ணாடி போட்டுட்டுத் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தாரு. தூங்கறார்னு நினைச்சு வண்டியை எடுத்தேன். பிரேக் போட்டேன்... அப்படியே என் மேல சாய்ஞ்சுட்டாரு!"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள்.

மாஸ்டரின் கழுத்தில் பட்டையாய் ஒரு சிவந்த தடம். சீட் பெல்ட்டின் அகலம். பின்சீட்டில் உட்கார்ந்த யாரோ, அவருடைய பெல்ட்டையே இழுத்து இறுக்கியிருக்கிறார்கள்!

"மேடம்..."

பின்னால் ஒரு தொண்டைச் செருமல். ஸ்டேஷனில் வழக்கு எழுதும் ரைட்டர். தொந்தியும் பவ்யமுமாய் நின்றார்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"டூட்டிக்கு இந்தப் பக்கமா வந்துட்டிருந்தேன் மேடம். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். விசாரிச்சுட்டேன். மாஸ்டர் இன்னைக்குக் காலையில அதோ அந்தக் கடையில நின்னு டீ குடிச்சிருக்காரு. அப்புறம் தனியா கார்ல வந்து உட்கார்ந்திருக்காரு. இன்னொரு விஷயம்... சொல்லவே சங்கடமா இருக்கு."

"சொல்லுங்க."

"நேத்து உங்க தங்கச்சி இங்க வச்சு மாஸ்டர்கிட்ட சண்டை போட்டிருக்காங்க. 'நீங்க செத்தாத்தான் எனக்குக் கார் வரும் போல'ன்னு கத்தியிருக்காங்க. டீக்கடையில எல்லாரும் கேட்டிருக்காங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"சொன்னியா?"

"கோவத்துல வந்துடுச்சுக்கா..."

"என்ன கார்? யாரு தராங்க உனக்குக் கார்?"

தங்கை செல்போனை நீட்டினாள். திரையில் ஒரு சிவப்புக் கார். கீழே கொட்டை எழுத்தில்... 'வரிசையில் வா... காரில் போ!'

"ஆன்லைன் ஸ்கீம்கா. முதல்ல ஒரு வீடியோ கோர்ஸ் வாங்கணும். 'நேரத்தை வெல்வது எப்படி'ன்னு."

"பார்த்தியா?"

"அதை யாருமே பார்க்கறதில்லை. வாங்கினா வரிசையில இடம் குடுப்பாங்க. புதுசா நூறு பேர் சேர்ந்தா, முதல்ல நிக்கற ஆளுக்குக் கார். அவர் போயிட்டா மத்தவங்க எல்லாம் ஒரு படி மேல. மாஸ்டர்தான் முதல் ஆள். போட்டோ கூடப் போட்டிருக்காங்க பாரு. கார் எப்படியும் வரப் போகுது, ஓட்டக் கத்துக்கோன்னு என்னை ஸ்கூல்லயும் சேர்த்துக்கிட்டாரு."

"வராத காருக்கு டிரைவிங் கிளாஸ்! அதுக்குத் தனியா ஃபீஸ்! மனுஷன் செத்துட்டாரேன்னு பார்க்கறேன்... இல்லேன்னா நானே உள்ள தள்ளியிருப்பேன்."

"கிண்டல் பண்ணாதக்கா."

"சரி, கணக்கே போடறேன். ஒருத்தருக்குக் கார் குடுக்க நூறு பேர் சேரணும். அந்த நூறு பேருக்கும் கார் குடுக்க?"

"நூறு நூறு... பத்தாயிரம் பேர்."

"அந்தப் பத்தாயிரம் பேருக்கு?"

"பத்து லட்சம்."

"அந்தப் பத்து லட்சத்துக்கு?"

தங்கை விரல் விட்டுப் பூஜ்யங்களை எண்ணினாள். "பத்துக் கோடி..."

"அந்தப் பத்துக் கோடிப் பேரையும் ஏமாத்தாம கார் குடுக்க ஆயிரம் கோடிப் பேர் வேணும். உலகத்துலயே அத்தனை பேர் கிடையாது! அப்புறம் செவ்வாய் கிரகத்துலதான் போய் ஆள் பிடிக்கணும். கம்பெனி என்னைக்குக் கதவைச் சாத்தினாலும் நூறுல தொண்ணூத்தொன்பது பேர் நடந்துதான் வீட்டுக்குப் போகணும். இது கூடத் தெரியாம..."

"ஆனா மேடம்..."

ரைட்டர் குறுக்கே வந்தார்.

"கடைசியில நிக்கறவன்தானே ஏமாளி? முன்னாடி இருக்கறவங்களுக்குக் கண்டிப்பாக் கிடைச்சிடும் இல்லையா?"

"அதையேதான்கா நானும் சொல்றேன்! நான் ரெண்டாவது நம்பர்!"

ரைட்டரின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"ரெண்டா...? நீங்களா? நல்லாப் பார்த்தீங்களா?"

போனைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார். 'உங்கள் இடம்: 2' என்று மின்னியது திரை. ரைட்டரின் முகம் ஒரு மாதிரியானது. பிறகு இறுகியது.

"மேடம்... நீங்க கோவிச்சுக்கக் கூடாது. முதல் ஆள் செத்தா லாபம் ரெண்டாவது ஆளுக்கு. சண்டைக்கு சாட்சி இருக்கு. பொணம் இவங்க தோள் மேலயே இருந்துச்சு. அரெஸ்ட் பண்ணிடறதுதான் முறை."

"அய்யய்யோ... அக்கா! பின்சீட்ல ஏறி ஒரு ஆளை நெரிக்கற ஆளா நான்?"

அதற்குள் போன் அடித்தது. மேலதிகாரி.

"கொலை நடந்த இடத்துல உங்க தங்கச்சியாமே?"

"சார்... அவ அப்படிப்பட்டவ இல்லை."

"எல்லா அக்காவும் அப்படித்தான் சொல்லுவாங்க. சாயங்காலத்துக்குள்ள வேற ஆள் கிடைச்சா சரி. இல்லேன்னா கேஸை வேற ஸ்டேஷனுக்கு மாத்திடுவேன். தங்கச்சி ஜெயில்ல தூங்கட்டும்."

டொக்!

* * *

ஜீப் நகரின் நடுவே இருந்த, கார் ஸ்கீம் கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்தை நோக்கிப் பறந்தது.

பின்சீட்டில் தங்கை, ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் ஒரு பெண் கான்ஸ்டபிள்.

"உனக்கு எதுக்குடி கார்?"

தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"என் சின்னவனை ஸ்கூல்ல விடறப்ப மத்த பசங்க எல்லாம் கார்ல வந்து இறங்கறாங்கக்கா. இவன் ஒண்ணும் கேட்கலை. பார்த்துட்டு, என் கையை விட்டுட்டு, தனியா உள்ள போயிடறான். அவன் கேட்டிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்..."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூக்கைத் துடை" என்றாள். அவளுக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

முன்சீட்டில் இருந்த ரைட்டர் திரும்பினார். "ஒரு சந்தேகம் மேடம். ஜெயிலுக்குப் போனவங்களுக்கு வரிசையில இடம் இருக்குமா, போயிடுமா?"

"அது இப்ப ரொம்ப முக்கியமா?"

"இல்ல... கேஸுக்காகக் கேட்டேன்."

* * *

ஐந்தாவது மாடி. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத சோபா. எந்த நேரமும் காலி செய்துகொண்டு ஓடத் தயாராய் இருக்கும் அலுவலகம்!

"ரைட்டர், நீங்க இங்கயே உட்காருங்க. யாரும் வெளிய போகக் கூடாது."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியதும் வெளிச் சத்தம் சுத்தமாய் நின்றது.

உள்ளே, காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் வரிசையாய்.

"வாழ்த்துகள் சார்! நீங்க இப்ப ரெண்டாவது இடத்துல இருக்கீங்க..."

இன்ஸ்பெக்டர் நின்றாள்.

"வாழ்த்துகள் மேடம்! உங்க இடம் ரெண்டு. இன்னொரு கோர்ஸ் வாங்கினா சீக்கிரம் நகரும்..."

அடுத்த மேஜை.

"ஆமா தாத்தா, ரெண்டேதான்! உங்களுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆள்தான்!"

இன்ஸ்பெக்டர் விடுவிடுவென்று நடந்தாள்.

நேரே சேர்மன் அறை. கோட்டு, சூட்டு, பட்டு ரோஜா நிற டை. மேஜையில் பொம்மைக் கார்.

"எத்தனை பேருய்யா ரெண்டாவது நம்பர்?"

சேர்மன் பதறவில்லை. சிரித்தார்.

"எல்லாரும்தான் மேடம்."

"என்னது...?!"

"நாலாயிரத்து எட்டாவது நம்பர்னு காட்டினா எவன் காத்திருப்பான்? 'ரெண்டு'ன்னு காட்டுங்க... ராத்திரி தூங்க மாட்டான். சொந்தக்காரனைக் கூட்டிட்டு வருவான். ஆசைப்படறவனுக்குப் பக்கத்துலயே இலை போட்டு உட்கார வைக்கறோம். பரிமாறுறதா எங்கயும் எழுதித் தரலை."

"அப்ப மாஸ்டர்?"

"அவர் எங்க ஆளு. ஏரியாவுக்கு ஒருத்தரை முதல் நம்பரா உட்கார வைப்போம். கமிஷன் குடுப்போம். கார் எல்லாம் கிடையாது."

"அந்த இடத்துக்காக இப்ப ஒரு கொலை விழுந்திருக்கு."

"தெரியும். காலையிலிருந்து காலியிட மனு குவியுது."

"என்ன மனு?"

"ஒருத்தர் செத்தாலோ விலகினாலோ, முதல்ல தகவல் குடுக்கறவங்களுக்கு அந்த இடம்னு ஒரு விதி வச்சிருக்கோம். ஒருத்தரை ஒருத்தர் கண்கொத்திப் பாம்பா பார்த்துட்டே இருப்பாங்க பாருங்க... எங்களை யாரும் பார்க்க மாட்டாங்க!"

"அடப்பாவிங்களா... பொணம் இன்னும் சூடு ஆறலை. அதுக்குள்ள மனுவா?"

"நூத்துக்கும் மேல வந்துடுச்சு. ஒருத்தர் கூட மாஸ்டருக்குக் குடும்பம் இருக்கான்னு கேட்கலை. கார் என்ன கலர்னுதான் கேட்கறாங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் யோசித்தாள். செத்ததை எல்லாரையும்விட முதலில் தெரிந்துகொண்டவன் யார்?

"முதல்ல வந்த மனு எது? காட்டுங்க!"

மூலை மேஜைப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். தயங்கினாள்.

"மேடம்... இதுல ஏதோ தப்பு இருக்கு. முதல் மனு நேத்து சாயங்காலமே வந்திருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"'நம்பர் ஒன் காலமாகிவிட்டார். இடத்தை எனக்கு ஒதுக்கவும்.'"

இன்ஸ்பெக்டர் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"இன்னைக்குக் காலையில டீ குடிச்ச மனுஷன் நேத்தே எப்படிம்மா காலமானார்...?! யார் அனுப்பினது?"

"பேர் வராது மேடம். போன் நம்பரும் பாதிதான் தெரியும். பட்டனைத் தட்டினா போன் மட்டும் போகும்."

"தட்டு! கார் ரெடின்னு சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

ரிங்... ரிங்...

"ஹலோ?" குசுகுசுவென்று ஒரு குரல்.

"வாழ்த்துகள் சார்! உங்க காலியிட மனுவை ஏத்துக்கிட்டோம். கார் ரெடி. என்ன கலர் வேணும்?"

"உண்மையாவா? சிவப்பு! இல்ல இல்ல... வெள்ளை! எங்க மாமனாருக்கு வெள்ளைதான் பிடிக்கும். கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, நான் டூட்டியில இருக்கேன்..."

குசுகுசுப்பிலும் அது கேட்டுப் பழகிய குரல்!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்... சுவரைப் பார்த்தபடி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, போனில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் குரல் வர, அதே தாளத்தில் அவர் தாடை அசைந்தது.

ரைட்டர்!

கதவை உதைத்துத் திறந்தாள்.

"சன்ரூஃப் உண்டா...?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். போன் நழுவியது.

"மே... மேடம்..."

"ஏன்யா? போலீஸ்காரன்தானே நீ?"

ரைட்டர் அப்படியே பிளாஸ்டிக் சோபாவில் சரிந்தார்.

"ஷெட் கட்டிட்டேன் மேடம்... வீட்டு முன்னாடி கார் ஷெட். கடன் வாங்கி. அதுல இப்ப மாமனார்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காரு. தினமும் நான் வெளிய கிளம்பறப்ப 'மாப்பிள்ளை, கார் வருதா, நகரவா?'ன்னு கேட்கறாரு. ஒரே ஒரு ஆள்தான் குறுக்கே நின்னான் மேடம்... ஒரே ஒரு ஆள்!"

"ஆளைக் கொல்றதுக்கு முன்னாடியேவா மனுப் போடுவே?"

"கொன்ன பிறகு போட்டா வேற எவனாவது முந்திடுவானே மேடம்!"

"சொந்த நம்பர்ல இருந்து?"

"வேற நம்பர்ல போட்டாக் கார் வேற பேர்ல வந்துடுமே..."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு புழுவைப் போலப் பார்த்தாள்.

"என் தங்கச்சியை உள்ள தள்ளத் துடிச்சது அதனாலதானா?"

"அவங்களும் ரெண்டுன்னாங்க. ஒரே நம்பர்ல ரெண்டு பேர் எப்படின்னு..."

"ரெண்டு பேர் இல்லைய்யா! நாலாயிரம் பேர்! உள்ள போய்க் கேளு. தாத்தா, பாட்டி, உங்க தெரு, எங்க தெரு... எல்லாருமே ரெண்டு! மாஸ்டர் அந்த வரிசையிலயே இல்லை. ஒருத்தனும் நிக்காத இடத்துக்காக ஒரு உயிரை எடுத்திருக்கே!"

ரைட்டர் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். கொலையைச் சொல்லும்போது வராத அழுகை இப்போது வந்தது.

"அப்ப... கார்?"

விலங்கு மாட்டினாள்.

கீழே, ஜீப்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட தங்கை ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே எந்த ஸ்கீமும் வேண்டாம்கா. சத்தியமா!"

"நாளைக்குச் சின்னவனை நானே ஸ்கூல்ல விடறேன். ஜீப்ல. சைரன் போட்டு."

தங்கை அழுகையோடு சிரித்தாள்.

ரைட்டரை ஏற்றியாயிற்று. அடுத்து, டை கோணியபடி சேர்மன்.

"என்னை எதுக்கு மேடம்? நான் யாரையும் கொல்லலையே! என் வக்கீல் வரட்டும், அதுவரை நான் வெயிட் பண்றேன்..."

"வெயிட்டிங் எல்லாம் உங்க கம்பெனியில சார்!" ஜீப்பின் கதவை அகலத் திறந்தாள் இன்ஸ்பெக்டர். "எங்க ஸ்கீம்ல சேர்ற எல்லாருக்கும் அன்னைக்கே ரூம் குடுத்துடுவோம்!"